கால் கழலமாட்டேன் என்கிறதா? க்ளிப்லெஸ் பெடல் கோளாறுகள், அறிகுறி வாரியாக

ஷூவைப் பெடலோடு பூட்டிவிடும் க்ளிப்லெஸ் பெடலுக்கு மாறிய முதல் வாரத்தில் விழாதவர்கள் அரிது. வேகமாகப் போகும்போது விழுவதில்லை என்பதுதான் வேடிக்கை. சிக்னலில், சைக்கிள் முழுசாக நின்ற பிறகு, நாலு பேர் பார்க்க, வெட்டின மரம் சாய்கிற மாதிரி மெதுவாகச் சாய்வோம். எழுந்து தூசி தட்டியதும் முதலில் பெடலைத்தான் திட்டுவோம். நானும் அப்படித்தான் திட்டினேன். பிறகு பல வருஷம் என்னுடையதையும் கூட ஓட்டுகிறவர்களுடையதையும் நோண்டிப் பார்த்ததில் ஒன்று தெரிந்தது: பெடல் கெட்டுப்போவது அபூர்வம். பத்துக்கு எட்டு தடவை குற்றவாளி ஷூவின் அடியில் இருக்கிறது.

பெயரிலேயே ஒரு குழப்பம் உண்டு. காலைக் க்ளிப் பண்ணி ஓட்டும் பெடலுக்கு க்ளிப்லெஸ் என்று பெயர். முன்பு பெடலின் முன்பக்கம் ஒரு கூண்டும் காலைச் சுற்றி ஒரு வாரும் இருக்கும். அந்தக் கூண்டுதான் டோ க்ளிப். அது இல்லாததால் க்ளிப்லெஸ். பனிச்சறுக்குப் பலகையோடு காலணியைப் பிணைக்கும் பூட்டு செய்துவந்த லுக் நிறுவனம் அதே வித்தையை 1984இல் சைக்கிள் பெடலுக்குக் கொண்டுவந்தது. மறு வருஷமே பிரெஞ்சு வீரர் பெர்னார் இனோ அந்தப் பெடலோடு டூர் டி பிரான்ஸை வென்றார். 1990இல் ஷிமானோ நிறுவனத்தின் எஸ்பிடி பெடல் வந்தது. இந்தப் பூர்வீகத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே உதவும்: பனிச்சறுக்குப் பூட்டு போலவே இதுவும் நேராக இழுத்தால் விடாது, திருகினால்தான் விடும்.

எதையும் தொடும் முன் இரண்டு வேலை. ஷூவைத் திருப்பி, பெடலில் பூட்டிக்கொள்ளும் துண்டான க்ளீட்டைப் பழைய டூத் பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள். பிறகு க்ளீட்டின் ஓரத்தைச் சுற்றி மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோடு இல்லாமல் போல்டைத் தளர்த்தினால், ‘முன்பு நன்றாக இருந்த’ இடத்துக்குத் திரும்பிப் போக வழியே இல்லை. 4 மி.மீ. ஆலன் கீ, 3 மி.மீ. ஆலன் கீ, கொஞ்சம் கிரீஸ், ஒரு ஊசி. முக்கால்வாசி வேலை இவற்றோடு முடிந்துவிடும்.

உங்களிடம் இருப்பது எந்த வகை என்றும் தெரிந்திருக்க வேண்டும். சோலுக்குள் புதைந்திருக்கும் சின்ன உலோகத் துண்டு, இரண்டு போல்ட் என்றால் எஸ்பிடி வகை. உள்ளங்கை அகல முக்கோணப் பிளாஸ்டிக், மூன்று போல்ட் என்றால் ரோடு வகை. கோளாறுகள் கிட்டத்தட்ட ஒன்றுதான், காரணங்கள் கொஞ்சம் மாறும்.

கால் கழலவே மாட்டேன் என்கிறது

இதை ஓட்டிக்கொண்டே படிக்கிறவர் இருக்க முடியாது. ஆனாலும் முதலில் சொல்ல வேண்டியது ஓடும் நேரத்துக்கானது: காலை மேலே பிய்க்காதீர்கள். பதற்றத்தில் எல்லாரும் அதைத்தான் செய்வோம். முன்பாதத்தை அப்படியே வைத்துக்கொண்டு குதிகாலை மட்டும் வெளிப்பக்கம் தள்ளுங்கள். பெடல் கீழே இருக்கும்போது செய்தால் சுலபம். அப்படியும் வரவில்லையென்றால் நிற்காமல் மெதுவாக உருட்டிக்கொண்டே போய் ஒரு சுவரையோ கம்பத்தையோ பிடித்துக்கொள்ளுங்கள். குனிந்து ஷூவின் பட்டையை அவிழ்த்து, காலை ஷூவிலிருந்து உருவிவிடுங்கள். ஷூ பெடலிலேயே இருக்கட்டும்.

இப்போது பெடலில் மாட்டியிருக்கும் ஷூவைக் கையால் திருகிப் பாருங்கள். இங்கேதான் நோய் தெரியும். ஷூ வழக்கத்தைவிட அதிகமாக, எதிர்ப்பே இல்லாமல் சுற்றுகிறதா? அப்படியானால் ஒரு க்ளீட் போல்ட் விழுந்துவிட்டது, அல்லது ரொம்பத் தளர்ந்துவிட்டது. எனக்கு இது நடந்தபோது ஷூ கடிகார முள் மாதிரி சுற்றிக்கொண்டிருந்தது. நான் ஒற்றைச் சாக்ஸோடு ஒரு சுவரைக் கட்டிப்பிடித்து நின்றுகொண்டு, ‘இவ்வளவு லேசாகச் சுற்றுகிறது, ஏன் கழலவில்லை?’ என்று யோசித்துக்கொண்டிருந்தேன். விஷயம் இதுதான்: குதிகாலைத் தள்ளும்போது க்ளீட்டும் ஷூவோடு திரும்பி, பெடலின் தாடையை ஸ்ப்ரிங்குக்கு எதிராக நெம்பித் திறக்க வேண்டும். ஒரே ஒரு போல்ட் மிச்சம் இருந்தால் அந்த போல்டை அச்சாக வைத்து ஷூ மட்டும் சுற்றும், க்ளீட் பூட்டுக்குள் அசையாமல் உட்கார்ந்திருக்கும். எவ்வளவு பலமாகத் திருகினாலும் பயன் இல்லை.

விடுவிக்க: பெடலின் பின்பக்கம் இருக்கும், ஸ்ப்ரிங்கின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் டென்ஷன் ஸ்க்ரூவை முழுக்கத் தளர்த்துங்கள். பின் தாடையை ஒரு தட்டை ஸ்க்ரூடிரைவரால் பின்னோக்கி நெம்பிக்கொண்டே ஷூவைத் தூக்குங்கள். வந்துவிடும். புது போல்டுக்கு மரையில் கிரீஸ் தடவி, இரண்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். 5 முதல் 6 நியூட்டன் மீட்டர் வேண்டும். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச் இல்லாதவர்கள் சாதாரண எல் வடிவ ஆலன் கீயின் நீளக் கையைப் பிடித்து, ஒரு கையால் நன்றாக அழுத்தி இறுக்கினால் போதும். முதல் சவாரி முடிந்ததும் ஒரு தடவை இறுக்கிப் பார்க்க வேண்டும். க்ளீட் சோலில் பல் பதித்து உட்காரும்போது போல்ட் கொஞ்சம் தளரும். இந்த இரண்டாவது இறுக்கலைச் செய்யாதவர்கள்தான் பின்னால் சுவரைக் கட்டிப்பிடிப்பவர்கள்.

போல்டெல்லாம் சரியாக இருந்தும் கழல்வது கடினமாக இருந்தால், அடுத்தது ஸ்ப்ரிங் டென்ஷன். எஸ்பிடி பெடலில் 3 மி.மீ. ஆலன் கீ போடும் ஸ்க்ரூ. ஒரு முழுச் சுற்றுக்கு நாலு ‘க்ளிக்’. குறைக்கும் பக்கம் திருப்புங்கள், ஆனால் அளவைக் காட்டும் குறி கடைசி எல்லையைத் தாண்டும் அளவுக்குக் கழற்ற வேண்டாம். பலர் தவறும் இடம் ஒன்று: இரண்டு பக்கமும் மாட்டக்கூடிய பெடலில் பக்கத்துக்கு ஒரு ஸ்க்ரூ. ஜோடிக்கு மொத்தம் நான்கு. ஒரு பக்கம் மட்டும் தளர்த்தியவர் ‘சில நேரம் கழலுது, சில நேரம் கழலலை’ என்பார். பெடல் எந்தப் பக்கம் திரும்பி வந்ததோ அதைப் பொறுத்த கதை அது. நான்கையும் அந்த எல்லை வரை தளர்த்திவிட்டு, க்ளிக்கை எண்ணிக்கொண்டே சமமாக ஏற்றுங்கள்.

புதுசாகப் போட்ட க்ளீட் என்றால் கொஞ்சம் முரண்டு பிடிக்கத்தான் செய்யும். சுவரில் சாய்ந்துகொண்டு ஒவ்வொரு காலையும் முப்பது, நாற்பது தடவை மாட்டிக் கழற்றுங்கள். இது பெடலுக்கு மட்டுமான பயிற்சி என்று நினைக்க வேண்டாம், முக்கியமாகக் கணுக்காலுக்கு.

ஷிமானோ எஸ்பிடியில் முக்கியமாக இரண்டு விதமான க்ளீட் உண்டு. எஸ்எச்51 பக்கவாட்டில் திருகினால் மட்டும் கழலும். எஸ்எச்56 பல திசைகளில், கோணலாக மேலே இழுத்தாலும் கழலும். பதற்றத்தில் காலை மேலே பிய்க்கும் பழக்கம் போகாதவர்களுக்கு 56ஐத் தயங்காமல் சொல்வேன். அது ‘கத்துக்குட்டி க்ளீட்’ என்று கேலி செய்பவர்கள் உண்டு. விழுந்து முழங்கை உரிவதைவிட கேலி தேவலை.

கடைசியாக, கோளாறே இல்லாத ஒரு கோளாறு. வலது காலைக் கழற்றிவிட்டு, சைக்கிள் இடது பக்கம் சாய்ந்து விழுவது. பெடல் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. எப்போதும் ஒரே காலைக் கழற்றுங்கள், நிற்பதற்குப் பத்து மீட்டர் முன்பே கழற்றுங்கள், ஹேண்டில்பாரைத் துளி அந்தப் பக்கம் திருப்பி உடம்பையும் அங்கேயே சாயுங்கள்.

மாட்டவே மாட்டேன் என்கிறது

முதல் சந்தேகம் சேறு, கல், பனி. க்ளீட்டின் முன் மூக்குக்குப் பக்கத்தில் ஒரு அரிசி அளவு கல் சிக்கினால் போதும், எவ்வளவு மிதித்தாலும் உட்காராது. ஊசியால் நோண்டி எடுங்கள்.

சுத்தமாக இருந்தும் மாட்டவில்லை, அதிலும் ஷூ புதுசு என்றால், சோலின் ரப்பர் இடிக்கிறதா என்று பாருங்கள். எஸ்பிடி ஷூக்களில் இது அடிக்கடி நடக்கும். க்ளீட்டின் இரு பக்கமும் இருக்கும் ரப்பர் மேடு பெடலின் உடம்பில் மோதி, க்ளீட் தாடைக்குள் இறங்கும் முன்பே தடுத்துவிடும். சோதிக்கச் சுலபமான வழி: ரப்பர் மேடுகளில் சாக்பீஸைத் தேயுங்கள், ஷூவைக் கையில் பிடித்துப் பெடலில் அழுத்துங்கள், எடுத்துப் பாருங்கள். பெடலில் வெள்ளை ஒட்டிய இடம்தான் இடிக்கும் இடம். பிளேடால் அந்த ரப்பரை ஒரு மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டராகச் சீவுங்கள். சீவினதை ஒட்ட முடியாது என்பதால் அவசரம் வேண்டாம். ரப்பரில் கை வைக்க மனம் வராதவர்கள் க்ளீட்டுக்கு அடியில் மெல்லிய தகடு கொடுத்து உயர்த்தலாம். அப்போது போல்ட் நீளம் போதுமா என்று பார்க்க வேண்டும். சில சுற்று மரைதான் பிடிக்கிறது என்றால் நீளமான போல்ட் போடுங்கள்.

ரோடு வகையில் வேறொரு வலை இருக்கிறது. லுக் கியோ க்ளீட்டும் ஷிமானோ எஸ்பிடி-எஸ்எல் க்ளீட்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஷூவில் இரண்டுமே உட்காரும், ஏனென்றால் மூன்று ஓட்டைகளின் அமைப்பு ஒன்றுதான். பெடலில் மட்டும் ஒன்றின் க்ளீட் இன்னொன்றுக்குப் பொருந்தாது. லுக்கின் பழைய டெல்டாவும் புதிய கியோவும்கூட ஒன்றுக்கொன்று சேராது. பழைய ஷூவோ பெடலோ கைமாறி வாங்கியவர்கள் முதலில் இதைப் பார்க்கவும்.

எல்லாம் பொருந்தியும் மாட்டத் தடுமாறினால் அது பழக்கம்தான். ரோடு பெடல் ஒரு பக்கம்தான் மாட்டும், பின்பக்கம் கனமாக இருப்பதால் மூக்கு மேலே பார்த்துத் தொங்கும். மேலிருந்து மிதித்தால் வழுக்கும். ஷூவின் முனையால் பெடலின் மூக்கை முன்னோக்கித் தடவிக்கொண்டே போய், க்ளீட்டின் முன்பக்கம் கொக்கியில் சிக்கியது தெரிந்த பிறகு குதிகாலை அழுத்துங்கள். குனிந்து பார்த்துக்கொண்டே மாட்டுபவர்கள் முன்னால் போகிற சைக்கிளில் மோதுவார்கள்.

தானாகக் கழன்றுவிடுகிறது

கழலாமல் இருப்பதைவிட இதற்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன். எழுந்து நின்று முழு பலத்தோடு மிதிக்கும்போது ஒரு கால் கழன்றால், அந்தக் கால் நேராகச் சாலைக்கோ முன் சக்கரத்துக்கோ போகும்.

காரணம் பெரும்பாலும் தேய்மானம். புதுக் க்ளீட் ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். தனியாகப் பார்த்தால் தேய்ந்தது தேய்ந்த மாதிரியே இருக்காது. உலோகக் க்ளீட்டில் முன் மூக்கும் பின் விளிம்பும் கூர்மை மழுங்கி வழவழவென்று ஆகியிருக்கும். பிளாஸ்டிக்கில் முன் உதடு மெலிந்து கத்தி மாதிரி ஆகும். ஷிமானோவின் ரோடு க்ளீட்டில் மூலைகளில் வேறு நிறத்தில் சின்ன மெத்தைகள் இருக்கும். அந்த நிறம் தேய்ந்து மறைந்தால் மாற்ற வேண்டிய நேரம். பிளாஸ்டிக் க்ளீட் ஓட்டித் தேய்வதைவிட நடந்துதான் தேய்கிறது. கடைக்குள் போய் வர ஐந்து நிமிஷம் என்றாலும் ரப்பர் உறை மாட்டிக்கொண்டு நடங்கள்.

எந்தக் காலை முதலில் தரையில் ஊன்றுகிறீர்களோ அந்தப் பக்கக் க்ளீட் சீக்கிரம் தேயும். இடது மட்டும் கழன்றுகொண்டே இருக்கிறது என்று பெடலை மாற்றியவரைப் பார்த்திருக்கிறேன். ஷூவைத் திருப்பிப் பார்த்திருந்தால் ஒரு க்ளீட்டோடு போயிருக்கும்.

தேய்மானம் இல்லையென்றால் டென்ஷனை ஒவ்வொரு க்ளிக்காக ஏற்றுங்கள். அதிலும் நிற்கவில்லையென்றால், அறியாமல் எஸ்எச்56 மாட்டியிருக்கிறீர்களா என்று க்ளீட்டில் பொறித்திருக்கும் எண்ணைப் பாருங்கள். சில பெடல்களோடு பெட்டியில் 56தான் வரும். பலமாக மேலே இழுத்து ஓட்டுபவர்களுக்கு அது சில நேரம் கைவிடும்.

க்ராங்க் பிரதர்ஸ் பெடல்களில் டென்ஷன் ஸ்க்ரூவே கிடையாது. அங்கே கழலும் கோணத்தைத் தீர்மானிப்பது இரண்டு க்ளீட்டில் எது எந்தக் காலில் என்பதுதான். இடம் வலம் மாற்றினால் 15 டிகிரி 20 ஆகும், 20 என்பது 15 ஆகும். அவர்களுடைய வழக்கமான க்ளீட் பித்தளை. எஃகைவிட மென்மை என்பதால் சீக்கிரம் தேயும். அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன், பெடல் தேய்வதற்குப் பதிலாகக் க்ளீட் தேய்கிறது, அவ்வளவுதான்.

மிதிக்கும்போது கிரீச், க்ளிக் சத்தம்

இது பொறுமையைச் சோதிக்கும் நோய். சைக்கிளின் சட்டம் வீணையின் குடம் மாதிரி, எங்கோ எழும் சத்தத்தை வேறெங்கோ கேட்கவைக்கும். பெடலில் வருகிற சத்தத்துக்காக, சட்டத்தின் அடியில் இருக்கும் அச்சுப் பகுதியான பாட்டம் ப்ராக்கெட்டை மாற்றி, சீட் போஸ்டைக் கழற்றி, கடைசியில் சைக்கிளையே விற்றவர்கள் உண்டு. எனவே எதையும் கழற்றும் முன், ஓட்டியே கண்டுபிடிக்க வேண்டும்.

ஆள் நடமாட்டம் இல்லாத சாலையில், ஒரு காலைக் கழற்றித் தொங்கவிட்டு மற்ற காலால் மட்டும் மிதியுங்கள். பிறகு மாற்றுங்கள். எந்தப் பக்கம் என்று தெரிந்துவிட்டால், அந்தப் பக்கம் க்ளீட்டை மாட்டாமல், உள்ளங்காலின் நடுப்பகுதியைப் பெடல் மேல் வைத்து மிதியுங்கள். சத்தம் நின்றுவிட்டதா? அப்படியானால் சத்தம் க்ளீட்டும் பெடலும் உரசும் இடத்தில், அல்லது க்ளீட்டும் சோலும் சேரும் இடத்தில். நிற்கவில்லையென்றால் பெடல் தண்டு, பேரிங், அல்லது அதற்கும் அப்பால்.

க்ளீட் என்றால்: கழற்றி, சோலையும் க்ளீட்டின் அடியையும் துடைத்து, போல்ட் மரையிலும் க்ளீட் சோலைத் தொடும் இடத்திலும் லேசாகக் கிரீஸ் தடவி, கோட்டைப் பார்த்து அதே இடத்தில் இறுக்குங்கள். மண் துகள் இடையில் போனால் அதுவே கிரீச்சிடும். பிளாஸ்டிக் க்ளீட் வெயில் காலத்தில் காய்ந்துபோய்ப் பெடலோடு உரசிக் கத்தும். அதற்குத் துணியில் சிலிகான் ஸ்ப்ரே அடித்துத் தொடும் இடங்களைத் துடைத்தால் போதும். செயின் எண்ணெய் ஊற்றாதீர்கள், அது தூசியைக் கூப்பிட்டு உட்காரவைக்கும், அடுத்த தடவை நடக்கும்போது வழுக்கவும் வைக்கும். ஸ்பீட்ப்ளே என்ற பெடல் வகையில் ஸ்ப்ரிங் பெடலில் இல்லை, க்ளீட்டிலேயே இருக்கிறது. அதைக் காயவிட்டால் சத்தமும் வரும், மாட்டுவதும் கழற்றுவதும் கல்லாகும்.

தண்டு என்றால் பெடலை அது மாட்டியிருக்கும் கையான க்ராங்கிலிருந்து கழற்ற வேண்டும். இங்கே பலருக்குக் கை தவறும். வலது பெடலுக்கு வழக்கமான மரை. இடது பெடலுக்குத் தலைகீழ் மரை. இரண்டுக்கும் வழக்கமான மரையே இருந்திருந்தால் மிதிக்க மிதிக்க இடது பெடல் தானாகக் கழன்று விழுந்திருக்கும். எந்தப் பக்கம் எப்படித் திருப்புவது என்று மனப்பாடம் செய்ய வேண்டாம். ஸ்பேனரை மேல்நோக்கி நிமிர்த்தி மாட்டுங்கள். அதன் மேல் முனையைப் பின்சக்கரம் பக்கம் தள்ளினால் கழலும், முன்சக்கரம் பக்கம் தள்ளினால் இறுகும். இரண்டு பெடலுக்கும் இதே விதிதான். 15 மி.மீ. ஸ்பேனரை வெளியிலிருந்து போட்டாலும், க்ராங்கின் உள்பக்கமிருந்து ஆலன் கீ போட்டாலும் மாறாது. ஒரு எச்சரிக்கை: சங்கிலியை முன்பக்கப் பெரிய பல்சக்கரத்தில் போட்டுவிட்டு வேலை செய்யுங்கள். ஸ்பேனர் திடீரென்று விட்டால் விரல் முட்டி பல்லில் போய் இடிக்கும். கையில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

கழற்றியதும் தண்டின் மரையையும் க்ராங்கின் மரையையும் துணியால் துடைத்து, தாராளமாகக் கிரீஸ் தடவுங்கள். திரும்ப மாட்டும்போது முதல் சில சுற்றுகளை விரலால் மட்டும். விரலுக்குச் சுற்றவில்லையென்றால் மரை கோணலாகப் பிடித்திருக்கிறது. ஸ்பேனர் போட்டால் க்ராங்க் காலி. கடைசி இறுக்கம் 35 நியூட்டன் மீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். க்ளீட் போல்டைப் போல மென்மையாக இறுக்குவது இங்கே தவறு.

இதற்குப் பிறகும் சத்தம் வந்தால் க்ராங்கைப் பிடித்துக்கொண்டு பெடலைக் குறுக்கே ஆட்டிப் பாருங்கள். டொக் டொக் என்று ஆடினால் பேரிங் தளர்ந்திருக்கிறது. உதிரிக் குண்டு பேரிங் என்றால் உள்ளிருக்கும் கூம்பு வடிவ நட்டான கோனை இறுக்கிச் சரிசெய்யலாம், மூடிய கார்ட்ரிட்ஜ் என்றால் மாற்ற வேண்டும். காலை மாட்டியபின் குதிகால் இங்குமங்கும் கொஞ்சம் நகர்வதைப் பார்த்து ‘ஆடுகிறது’ என்று பயப்பட வேண்டாம். அது ஃப்ளோட், வேண்டுமென்றே விட்ட இடம்.

முட்டி வலி

முதலில் ஒரு கேள்வி: வலி எப்போது தொடங்கியது? புதுக் க்ளீட் போட்ட அல்லது க்ளீட்டை நகர்த்திய வாரத்தில் என்றால், வேறு ஆராய்ச்சி வேண்டாம், பழைய கோட்டுக்குத் திரும்புங்கள். கோடு போடச் சொன்னது இதற்காகத்தான்.

புதுசாக அமைப்பவர்கள் இப்படித் தொடங்கலாம். ஷூ போட்டுக்கொண்டு, பெருவிரலுக்குப் பின்னால் மேடாக இருக்கும் எலும்பையும் சுண்டுவிரலுக்குப் பின்னால் இருக்கும் எலும்பையும் தடவிக் கண்டுபிடித்து ஷூவின் இரு பக்கமும் புள்ளி வையுங்கள். பெடல் தண்டின் நடு இந்த இரண்டு புள்ளிகளுக்கும் இடையில் விழும்படி க்ளீட்டை வையுங்கள். பழைய பள்ளி பெருவிரல் மேட்டுக்கு நேரே வைக்கச் சொல்லும். என் அனுபவத்தில் சில மில்லிமீட்டர் பின்னால் தள்ளியவர்கள்தான் குறை சொல்வதில்லை. கோணத்துக்கு: உயரமான மேசையில் உட்கார்ந்து கால்களைத் தொங்கவிடுங்கள். பாதங்கள் இயல்பாக எந்தத் திசை பார்க்கின்றன என்று கவனியுங்கள். ஒரு பாதம் வெளியே பார்த்தால் அதைக் க்ளீட்டால் உள்ளே திருப்பிச் சிறை வைக்காதீர்கள். இரண்டு காலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

ஃப்ளோட்டை நிறம் சொல்லும், ஆனால் நிறத்தை நம்பி ஏமாறவும் செய்வோம். ஷிமானோ ரோடு க்ளீட்டில் சிவப்பு 0 டிகிரி, நீலம் 2, மஞ்சள் 6. லுக் கியோவில் கறுப்பு 0, சாம்பல் 4.5, சிவப்பு 9. ஒரு வீட்டில் சிவப்பு என்றால் அசையவே விடாதது, இன்னொரு வீட்டில் சிவப்பு என்றால் தாராளம். ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறியவர் ‘எனக்குச் சிவப்புதான் பழக்கம்’ என்று வாங்கிப் போட்டால் ஒரு வாரத்தில் முட்டி பேசும். தொடங்குபவர்களுக்கு மஞ்சளோ சாம்பலோ போதும். 0 டிகிரியில் க்ளீட்டின் கோணம் ஒரு துளி தப்பினாலும் அந்தத் தப்பை ஒவ்வொரு சுற்றிலும் முட்டிதான் சரிசெய்யும்.

வலி எங்கே என்பதும் துப்பு கொடுக்கும். முட்டியின் முன்பக்கம் என்றால் க்ளீட்டைத் தொடும் முன் சீட் தாழ்வாக இருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் அதுதான். பின்பக்கம் என்றால் சீட் உயரம். உள்பக்கம் அல்லது வெளிப்பக்கம் வலித்தால்தான் க்ளீட்டின் கோணம், காலின் அகல நிலை என்று சந்தேகப்பட வேண்டும். குதிகால் தசைநார் இழுத்துப் பிடித்தால் க்ளீட் முன்னால் இருக்கிறது, பின்னால் தள்ளுங்கள்.

ஒரு தடவைக்கு ஒரே மாற்றம், அதுவும் 2 மி.மீ.க்கு மேல் வேண்டாம். பிறகு இரண்டு மூன்று சவாரி, அவசரமில்லாத வேகத்தில். சீட்டையும் க்ளீட்டையும் சேர்த்து மாற்றிவிட்டு வலி போய்விட்டால்கூட எது மருந்து என்று தெரியாது. இரண்டு வாரம் ஓட்டாமல் இருந்தும் போகாத வலி, வீக்கம், முட்டி பிடித்துக்கொள்வது இவையெல்லாம் ஆலன் கீயின் எல்லைக்கு வெளியே, மருத்துவரிடம் காட்டுங்கள்.

விரல் மரத்துப்போகிறது, உள்ளங்கால் எரிகிறது

முதலில் பட்டையைத் தளர்த்துங்கள். ஓட்ட ஓட்டப் பாதம் வீங்கும். வீட்டில் கச்சிதமாக இருந்த ஷூ இரண்டு மணி நேரத்தில் கவ்வும். அதற்கடுத்து க்ளீட்டைப் பின்னால் நகர்த்துங்கள், அழுத்தம் விரல் எலும்புகளிலிருந்து விலகும். ஒரே ஒரு புள்ளியில் மட்டும் குத்தினால் உள்ளே இருக்கும் மெத்தையைத் தூக்கிப் பாருங்கள். நீளமான போல்ட் சோலைத் தாண்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

க்ளீட் போல்ட் கழல மறுக்கிறது

க்ளீட்டை மாற்றலாம் என்று முடிவுசெய்து உட்காரும்போது வருவது இது. ஆலன் கீயை அப்படியே போட்டுத் திருகாதீர்கள். போல்ட் தலையின் அறுகோணக் குழியில் மண் இறுகி அடைத்திருக்கும். கீ பாதி ஆழம்தான் இறங்கும், திருகினால் மூலைகள் மழுங்கும். ஊசியால் அடி வரை சுரண்டி எடுங்கள். உள்ளே பளபளவென்று உலோகம் தெரிய வேண்டும். துருவை இளக்கும் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு இரவு முழுக்க வையுங்கள். காலையில் கீயைக் குழியில் வைத்துச் சுத்தியலால் இரண்டு தட்டு தட்டிவிட்டுத் திருகுங்கள். அந்தத் தட்டுதான் துருவின் பிடியை உடைக்கும்.

குழி ஏற்கெனவே வட்டமாகிவிட்டதென்றால், குழியைவிட ஒரு துளி பெரிய, நட்சத்திர வடிவ டார்க்ஸ் முனையை அடித்து இறக்கித் திருகலாம். அதுவும் வழுக்கினால் டிரில் போட்டுப் போல்டின் தலையை மட்டும் எடுத்துவிடுங்கள். க்ளீட் தானாகக் கையில் வரும், மிஞ்சிய தண்டை இடுக்கியால் பிடித்துத் திருகலாம். சூடு காட்டிக் கழற்றும் வித்தையைக் கார்பன் சோலில் முயல வேண்டாம்.

திருகத் திருக போல்ட் சுற்றுகிறது, ஆனால் வெளியே வரவில்லை என்றால், எஸ்பிடி ஷூவின் உள்ளே இருக்கும் மரைத் தகடு சேர்ந்து சுற்றுகிறது. உள் மெத்தையைத் தூக்கினால் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதை உரித்தால் தகடு தெரியும். அதை ஒரு ஸ்க்ரூடிரைவரால் முட்டுக்கொடுத்துக்கொண்டு வெளியிலிருந்து திருகுங்கள். வேலை முடிந்ததும் ஸ்டிக்கரைத் திரும்ப ஒட்டுங்கள். ஒட்டாவிட்டால் மழையில் க்ளீட் ஓட்டை வழியாகத் தண்ணீர் ஏறி சாக்ஸ் ஊறும்.